ஐந்து பேர் போதுமா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாணவர்கள் காட்டிய படைப்புகள்

12 ஜூலை, இரவு 9.15 (கேள்வி)

இன்றைக்கு நம்ம ஊர் மண்டபத்தில் பாலிடெக்னிக் பிள்ளைகள் படைப்பு காட்டினார்களே, பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தங்கை மகன் ஒரு குழுவில் இருந்ததால் போனேன். 'பயனர் மைய வடிவமைப்பு' என்று பெரிய பேர், அதாவது பயன்படுத்துகிறவரைக் கேட்டுக் கேட்டுப் பொருளைச் செய்வதாம். விசாரித்தால் ஒவ்வொரு குழுவும் ஐந்தே பேரிடம் சோதித்திருக்கிறது. ஐந்து பேரைக் கேட்டுவிட்டு ஊருக்கே தீர்வு சொல்ல முடியுமா? எனக்கு மதிப்பெண்ணுக்குப் போட்ட நாடகமாகத்தான் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூலை, இரவு 10.40

அண்ணே, நானும் அங்கேதான் இருந்தேன். முன்வரிசையில் 'வெளி மதிப்பீட்டாளர்' என்று சிலரை உட்கார வைத்திருந்தார்களே, அதில் ஓரத்து நாற்காலி என்னுடையது. பட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. பஸ் நிலையம் பக்கத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன், கூடவே பாரம் நிரப்பிக் கொடுப்பேன். சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் இணையத்தில் எதையாவது விண்ணப்பிக்க வேண்டுமென்றால் என் கடைப் படி ஏறுவார்கள் என்பதால் கூப்பிட்டார்கள்.

ஐந்து என்பது பிள்ளைகள் சோம்பேறித்தனமாகப் பிடித்த எண் இல்லை. யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் போட்ட கணக்கு அது. அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒரே ஒருவரை உட்கார வைத்துச் சோதித்தாலே இருக்கிற கோளாறுகளில் சராசரியாக 31 விழுக்காடு வெளியே வந்தது. இரண்டாவது ஆள் கொஞ்சம் புதிதாகக் காட்டுவார், மீதி முதல் ஆள் காட்டியதுதான். இப்படியே போனால் ஐந்தாவது ஆளில் ஏறக்குறைய 85 விழுக்காடு வந்துவிடும். அதற்குமேல் ஆள் சேர்ப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு; கண்டதைத் திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் போ என்றார்கள்.

ஆக, கோளாறு தேடுவதற்கு ஐந்து பேர் போதும். ஊர் என்ன நினைக்கிறது என்று சொல்வதற்குப் போதாது. பள்ளி வேன் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி செய்த வேன் குழு "80 விழுக்காட்டுப் பெற்றோருக்குப் பிடித்திருக்கிறது" என்று வட்டப் படம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறதா? நாலு பேருக்குப் பிடித்தது, ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒருவர் என்ன சொன்னார் என்று கேட்டேன், பதில் இல்லை. எனக்கு அவர்தான் வேண்டியிருந்தது.

12 ஜூலை, இரவு 11.05

நாடகம் என்றது பாதி சரி. எல்லாக் குழுவும் டான் நார்மன் என்ற அறிஞர் படத்தைப் போட்டு, 1986இல் 'பயனர் மைய வடிவமைப்பு' என்ற பெயரைப் பரப்பியவர் என்று ஒப்பித்தது. அப்புறம் ஐஎஸ்ஓ 9241-210, இந்த வடிவமைப்புக்கான உலகத் தரநிலை. 1999இல் 13407 என்ற எண்ணில் வந்தது, 2010இல் எண் மாறியது, 2019இல் திருத்தினார்கள் என்ற சரித்திரம் எல்லாக் குழுவிலும் ஒரே வாக்கியத்தில் வந்தது. மருந்துப் பெட்டிக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், 'ஊர்ப் பின்னணி' என்று 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதையும் அதையொட்டி அவசரகாலம் பிறந்ததையும் சொல்லிவிட்டு, அடுத்த படத்திலேயே நீரிழிவு மாத்திரைக்கு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் என் காதில், "சுட்டவனுக்கும் சுகருக்கும் என்னப்பா சம்பந்தம்" என்றார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

13 ஜூலை, காலை 7.50

சம்பளச் சீட்டுக் குழுவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அண்ணன் அதற்குள் எழுந்து போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

அவர்கள் யோசனை இதுதான். தோட்டத்துச் சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்தால் செயலி ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் வாசித்து விளக்கும். சேமநிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு) 11 விழுக்காடு, பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்கு இவ்வளவு, வேலையிழப்புக் காப்புறுதிக்கு 0.2 விழுக்காடு, அட்வான்ஸ் பிடித்தது இவ்வளவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே நாள் முழுக்க இதைத்தான் வாயால் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் காலையில் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆள் இல்லை. ஆறு மணிக்கெல்லாம் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் தீம்பாருக்குள், அதாவது மரக்காட்டுக்குள், போயிருப்பார்கள் என்பது டவுன் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் மறுபடி போய், எண்ணெய்ப் பனையின் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்காவிடம் கைப்பேசியைக் கொடுத்திருக்கிறார்கள். செயலி எல்லாவற்றையும் கணீரென்று வாசித்தது. அக்கா முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, போன மாசத்துக்கு இந்த மாசம் ஏன் குறைஞ்சிருக்கு?" என்றார்.

செயலியிடம் பதில் இல்லை. அடுத்து இன்னொருவரிடம் போனார்கள், அதே கேள்வி. மூன்றாவது ஆள் குலை வெட்டுகிறவர். சேமநிதி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருடமாகப் பிடிக்கிறார்கள், தெரியாமலா இருக்கும்? மழையில் எத்தனை நாள் போச்சு, டன் கணக்கில் எங்கே விட்டது, இதுதான் அவருக்கு வேண்டும்.

அந்தக் குழு வாசித்துக் காட்டும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு மாதச் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தக் கட்டம் மாறியதோ அதை மட்டும் சிவப்பில் காட்டுகிற மாதிரி மாற்றியது. வெறும் தாளில்தான் வரைந்து காட்டினார்கள், திரை கூட இல்லை. மண்டபத்தில் அதற்குத்தான் குறைந்த கைதட்டல். மின்னுகிற படங்கள் வைத்திருந்த குழுக்களுக்கு விசில் பறந்தது. நான் அதிக மதிப்பெண் போட்டது தாளுக்கு.

13 ஜூலை, பிற்பகல் 2.30

பள்ளியிலேயே நாங்கள் இதைச் செய்ய வைக்கிறோம் என்று ஈப்போவிலிருந்து எழுதிய டீச்சருக்கு. ஆமாம், தொடக்கப்பள்ளியில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்திலேயே பிள்ளைகளைச் செய்ய வைக்கிறீர்கள், தெரியும். என் அண்ணன் பேத்தி ஐந்தாம் ஆண்டில் அட்டைப் பெட்டியில் ஒன்று செய்துகொண்டு வந்தாள். நீங்கள் கேட்ட 'யாருக்காகச் செய்தாய்' என்ற கேள்விக்கு அவள் எழுதிய பதில் 'டீச்சருக்காக'. உண்மையைச் சொல்லியிருக்கிறாள், முழு மதிப்பெண் கொடுங்கள்.

மருந்துப் பெட்டிக் கதையைப் பாதியில் விட்டிருந்தேன், முடித்துவிடுகிறேன். சுகாதார நிலையத்தில் ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள், எப்படிச் சாப்பிடுவது என்று உறை மேலே மலாய் மொழியில் ஒட்டியிருக்கும். காலை, இரவு என்று அறை பிரித்து, நேரம் வந்தால் பீப் அடிக்கும் பெட்டி செய்தார்கள். ஒரு பாட்டி வீட்டில் ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போனபோது பெட்டி சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததாம், பேட்டரி கழற்றப்பட்டு. பேரப்பிள்ளை தூங்குகிற நேரத்தில் கத்துகிறது என்று கழற்றிவிட்டார். ஆனால் மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. விளக்கேற்றப் போகும்போது கண்ணில் படுகிறது, எடுத்துத் தனியே வைத்துக்கொள்கிறார், பசியாறியதும் போட்டுக்கொள்கிறார்.

குழு பீப்பை எடுத்துவிட்டது. மின்சுற்றுக்குத்தான் பெரும்பாலான மதிப்பெண், அதையே கழற்றினால் என்ன செய்வது என்று அவர்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. இந்தச் சண்டையை மேடையில் ஒரு வரியில் தாண்டிப் போனார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு பையனைப் பிடித்துக் கேட்டபோதுதான் முழுக் கதையும் வந்தது.

13 ஜூலை, இரவு 9.20

இந்த இழையில் யாரோ சம்பளச் சீட்டுக் குழு 'பெயில் மார்க்' வாங்கியது என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை. அவர்கள் வாங்கிய 50, எஸ்யூஎஸ் என்ற, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று கேட்கும் பத்துக் கேள்வித் தாளில் வந்த எண். அதை நூற்றுக்கு ஐம்பது என்று படிக்கக் கூடாது, அது விழுக்காடு இல்லை. ஜான் புரூக் என்பவர் 1986இல் உருவாக்கிய தாள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி 68 சொச்சம் வரும். அந்த வகையில் 50 குறைவுதான், மறுக்கவில்லை.

ஆனால் எப்படி அந்த 50 வந்தது என்று பாருங்கள். ஒற்றை எண் கேள்விகள் புகழ்ச்சி: 'பயன்படுத்த எளிது' மாதிரி. இரட்டை எண் கேள்விகள் குறை: 'தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது' மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒற்றை எண்ணில் போட்ட எண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டை எண்ணில் 5லிருந்து போட்ட எண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 5 போட்டால் என்ன வரும்? ஒற்றைப் பக்கம் 20, இரட்டைப் பக்கம் 0, பெருக்கினால் சரியாக 50.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். இரண்டு அக்காமார் மேலிருந்து கீழே வரை 5 போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளைகள் மனசு நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறார்கள். பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டிய பையனும், "சிக்கலா இருக்குன்னு சொல்றீங்களா, அப்ப ஏன் எளிதுன்னும் சொன்னீங்க" என்று கேட்கவில்லை. அக்கா அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவன் என்ன கேட்பான்?

13 ஜூலை, இரவு 9.35

பெருக்கலைச் சரிபார்த்துச் சொன்ன தம்பிக்கு நன்றி. ஆமாம், எல்லாவற்றுக்கும் 3 போட்டாலும் 50தான். எல்லாவற்றுக்கும் 1 போட்டாலும் 50தான். ஆக, அந்த எண்ணை மட்டும் பார்த்தால் அலுத்துப் போனவரையும் பாசக்காரரையும் பிரிக்க முடியாது. தாளைத்தான் பார்க்க வேண்டும்.

14 ஜூலை, காலை 10.15

கடையில் கூட்டம் இல்லை, அதனால் 'மீள்பார்வை' பகுதியைப் பற்றிக் கொஞ்சம்.

ஒவ்வொரு குழுவும் கடைசியில் 'நாங்கள் கற்றது' என்று ஒரு படம் போட்டது. குழுவாகச் செயல்படக் கற்றோம், நேர மேலாண்மை கற்றோம், பயனரைப் புரிந்துகொண்டோம். எழுத்துரு மட்டும்தான் வேறு. டொனால்ட் ஷான் என்ற அறிஞர் 1983இல், வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது ஒன்று, முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து யோசிப்பது இன்னொன்று என்று பிரித்தார். விரிவுரையாளர்களே அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பீப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ராத்திரி சண்டை போட்டார்களே, ஷான் சொன்ன முதல் வகை அதுதான். அதை ஏன் மேடையில் சொல்லவில்லை என்று கேட்டேன். "சார், ரூபிரிக்ல அதுக்குப் பத்தி இல்ல" என்றான் அந்தப் பையன்; ரூபிரிக் என்றால் மதிப்பெண் போடும் அட்டவணை. அவன் பக்கம் தப்பே இல்லை. கேட்கிற கேள்விக்குத்தானே பதில் வரும்.

விதிவிலக்கு ஒரு பெண். வேன் குழுவில் கடைசியாகப் பேசியவள். தயாரித்ததை மடித்து வைத்துவிட்டு, "நாங்க போனப்ப எல்லா அம்மாவும் கைப்பேசிய வாங்கி அப்படியே பக்கத்துல இருந்த பிள்ளைகிட்ட கொடுத்துட்டாங்க. அது சோதனையில செல்லாதுன்னு நெனச்சு, பிள்ளைகள வெளிய விளையாடப் போகச் சொல்லிட்டு மறுபடி அம்மாவ மட்டும் வச்சு எடுத்தோம். இப்ப யோசிச்சா அதுதான் செல்லாதுன்னு தோணுது" என்றாள். மண்டபத்தில் பாதிப் பேர் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. மதிப்பீட்டாளர் தட்டக் கூடாதாம்.

15 ஜூலை, இரவு 8.45

அந்தப் பெண் சொன்னது இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. என் கடையில் தினமும் நடப்பது அதுதான்.

ஒரு ஐயா வருவார். ஐசி, அதாவது அடையாள அட்டை, சட்டைப் பையில். கடவுச்சொல் ஒரு லாட்டரிச் சீட்டின் பின்பக்கம். விரல் என்னுடையது, கணினி என்னுடையது. டேக் நம்பர், அதாவது உறுதிப்படுத்த ஒருமுறை அனுப்பும் எண், கிள்ளானில் வேலை செய்யும் மகளின் கைப்பேசிக்குப் போகும். மகளுக்கு ஐயா போன் போட்டு, மகள் எண்ணைச் சொல்லி, ஐயா அதைத் திருப்பிச் சொல்லி, நான் தட்டுவதற்குள் நேரம் முடிந்து திரை முதல் பக்கத்துக்குப் போய்விடும். எந்தத் தளம் என்று கேட்காதீர்கள், பல தளங்கள் இப்படித்தான். இதில் 'பயனர்' யார்? ஐயாவா, நானா, கிள்ளான் மகளா? ஒற்றை ஆளைக் கைப்பேசியோடு தனியாக உட்கார வைத்துச் சோதிப்பவர்கள் எங்கள் ஊரில் நடக்காத ஒன்றைச் சோதிக்கிறார்கள்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நித்யா சாம்பசிவனும் இன்னும் மூன்று ஆய்வாளர்களும் பெங்களூரு குடிசைப் பகுதிகளில் பார்த்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். மொத்த வேலையையும் இன்னொருவர் செய்து கொடுப்பது, பக்கத்திலிருந்து பாதி செய்து கொடுப்பது, திரையில் இருப்பதை வாசித்து விளக்குவது என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். மூன்றும் ஒரே காலையில் என் கடையில் நடக்கும்.

சோதனைக்கும் வழி இருக்கிறது. ஆளைச் சத்தமாக யோசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளும் முறையை ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இந்தத் துறைக்குள் கொண்டுவந்தார். நம் அம்மாமாரிடம் அது எடுபடாது. தனியாகப் பேசு என்றால் வாயடைத்துப் போவார்கள். இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள், நிறுத்தவே முடியாது. ஜப்பானிய ஆய்வாளர் நவோமி மியாக்கே 1986இல் எழுதியதும் இதை ஒட்டித்தான்: இருவர் சேர்ந்து ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கும்போது அவர்கள் யோசனை தானாகவே பேச்சில் வந்துவிடுகிறது.

ஆகவே வேன் குழுப் பிள்ளைகளுக்கு: அம்மாவையும் பிள்ளையையும் பிரிக்காதீர்கள்.

15 ஜூலை, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் ஒரு முள் இருக்கிறது.

2024 மே மாதம் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்தது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் விழும், 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த வாரம் கடை நிறைந்து வழிந்தது. ஐம்பதைத் தொடப் போகிற ஓர் அக்கா மகனோடு வந்து, அவன் சொல்லச் சொல்லத் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் தனியாக வந்தார். "எவ்வளவு இருக்குன்னு பார்த்து ஒரு தாள்ல எழுதிக் கொடு தம்பி. அவனுக்குக் காட்டாத. எடுக்கவும் வேணாம்" என்றார். தாளை நாலாக மடித்து மணிபர்சுக்குள் வைத்து, அதற்கு மேல் பஸ் காசை வைத்தார்.

அம்மாவும் பிள்ளையும் ஒரே பயனர் என்று வடிவமைத்தால் இந்த அக்கா எங்கே போவார்? பள்ளி வேன் எத்தனை மணிக்கு வரும் என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சம்பளச் சீட்டு அப்படி இல்லை. அந்தக் குழுவின் சிவப்புக் கட்டத்தை மகன் பார்த்தால் போன மாதத்தைவிட எவ்வளவு கூட என்பதும் தெரிந்துவிடும். உதவிக்கு ஆள் வேண்டும், ஆனால் உதவுகிறவருக்குத் தெரியாத ஓர் இடமும் வேண்டும். தொகையை மறைத்துவிட்டு எந்தக் கட்டம் மாறியது என்பதை மட்டும் காட்டும் ஒரு பார்வை இருந்தால்? இப்போதைக்கு இவ்வளவுதான் தோன்றுகிறது.

17 ஜூலை, மாலை 6.10

கூலிமிலிருந்து எழுதியவர், நகல் கடைக்காரனே எல்லாம் பார்க்கிறான், அவனை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. யாரும் பார்ப்பதில்லை. கடவுச்சொல் எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், உலாவியில் சேமிக்க மாட்டேன், சாயங்காலம் பதிவிறக்கங்களை அழிப்பேன். இதெல்லாம் நானாக வைத்துக்கொண்ட ஒழுங்கு. எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் இதையே ஒரு படைப்பாக எடுக்கலாம்.

இன்னொரு குழு செய்த உதிரிப்பழம் பொறுக்கும் கருவியைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். உருளையைத் தள்ளினால் பழம் உள்ளே ஏறும், நல்ல வேலைப்பாடு. மரத்தைச் சுற்றிய வட்டம் புல் இல்லாமல் சுத்தமாக இருக்கும் இடத்தில் பிரமாதமாக ஓடியது. புல் மண்டிய மேட்டில் பழத்தோடு சருகும் கல்லும் ஏறியது, கடைசியில் குனிந்து பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. என் அம்மா இந்த வேலையில்தான் எங்களை வளர்த்தார்; இடுப்பு போனதும் இதில்தான். உதிர்ந்த பழத்தில் எண்ணெய் அதிகம், அதனால் விடவும் முடியாது. அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறுவதால் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பார்கள், அதனால் நிதானமாகவும் பொறுக்க முடியாது. அந்தக் குழுவை மேட்டுக்கு மறுபடி அனுப்பினால் கருவி தேறும் என்றுதான் நினைக்கிறேன். சோதித்தது பெரும்பாலும் கல்லூரித் திடலில்.

19 ஜூலை, பிற்பகல் 1.20

வேன் குழுவிலிருந்து கடைக்கு வந்தார்கள், பேசிய அந்தப் பெண்ணும் இரண்டு பையன்களும். கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்க்கலாமா என்று கேட்டார்கள். பார்க்கலாம். சம்பளம் போட்ட மறுநாள் வாருங்கள், அப்போதுதான் ஆள் இருக்கும். வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டும், ஐசியும் திரையும் படத்தில் விழக் கூடாது, யாராவது வேண்டாம் என்றால் வெளியே போய் நிற்க வேண்டும். சரி என்றார்கள்.

போகும்போது ஒன்று கேட்டேன்: வேன் எங்கே வருகிறது என்று செயலியில் யார் சொல்லப் போகிறார்கள்? ஓட்டுநர் என்றான் ஒருவன். அவரைச் சோதித்தீர்களா? "ஓட்டுறப்ப எப்படிண்ணே பேசுறது?"

தம்பி, பள்ளி விடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வேன்காரர்கள் எல்லாம் வாசல் ஒட்டுக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தே தாரிக் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.